சரிவிகித உணவின் காலக்கணக்கு

சரிவிகித உணவைப் பற்றிப் பேசும் பாடநூல்களும் மருத்துவமனைச் சுவரொட்டிகளும் பெரும்பாலும் ஒரே படத்தைத்தான் காட்டுகின்றன: வட்டமான ஒரு தட்டு, அதில் வண்ணம் பிரித்த நான்கைந்து பங்குகள், ஒன்றில் தானியம், ஒன்றில் பருப்பு, ஒன்றில் காய்கறி, ஓரத்தில் ஒரு தம்ளர் பால். அளவை இப்படம் தெளிவாகவே சொல்கிறது. காலத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. எல்லா உணவுத் தொகுதிகளும் ஒரே வேளையில் வந்து சேர வேண்டுமா, காலையில் விட்டுப்போனதை இரவில் ஈடுசெய்துகொள்ளலாமா, ஒரு வாரம் கீரையே உண்ணாதவருக்கும் ஒரு வாரம் பருப்பே உண்ணாதவருக்கும் நேரும் இழப்பு ஒரே தன்மையதா என்னும் வினாக்களுக்கு அதில் விடையில்லை. உடலோ ஒவ்வொரு சத்தையும் வெவ்வேறு கால அளவில் கையாள்கிறது. சிலவற்றைச் சேமித்துவைக்க அதற்கு இடமே கிடையாது. சிலவற்றைச் சில வாரங்களுக்கும், சிலவற்றைப் பல ஆண்டுகளுக்கும் இருப்பில் வைத்துக்கொள்கிறது. இன்னும் சிலவோ வேறொரு சத்து அதே வேளையில் உடன்வந்தால்தான் குடலைக் கடந்து போதிய அளவில் குருதியில் சேர்கின்றன. உணவைத் திட்டமிடுவதில் எங்கே கண்டிப்பு வேண்டும், எங்கே தளர்வு கூடும் என்பதை இந்தக் காலக்கணக்கே தீர்மானிக்கிறது.

உணவுத் தொகுதிகள் மனிதர் தம் வசதிக்காக வகுத்துக்கொண்ட பகுப்புகளே. அமெரிக்க வேளாண்மைத் துறையின் சார்பில் வில்பர் அட்வாட்டர் 1894ஆம் ஆண்டில் உணவுப் பொருள்களின் புரதம், கொழுப்பு, மாவுச்சத்து, ஆற்றல் ஆகியவற்றைக் கணக்கிட்டு வெளியிட்டபோது, வைட்டமின் என்ற ஒன்று இருப்பதே அறியப்பட்டிருக்கவில்லை. 1916இல் அதே துறைக்காகக் கரோலின் ஹன்ட் குழந்தைகளின் உணவு பற்றி எழுதிய கையேடு ஐந்து தொகுதிகளைப் பேசியது. 1943இல், போர்க்காலத்தில், அவை ஏழாயின. 1956இல் நான்காகச் சுருங்கின. 1992இல் பிரமிடு வடிவம் பெற்று, 2011இல் அதையும் விட்டுத் தட்டின் வடிவுக்கு மாறின. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரைகளில் நெடுங்காலம் வழங்கிவந்தது ஐந்து தொகுதிப் பகுப்பு: தானியங்கள், பருப்பும் பயறும், பாலும் இறைச்சியும், காய்கனிகள், கொழுப்பும் சர்க்கரையும். அக்கழகத்தைச் சேர்ந்த ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ஆம் ஆண்டு மே மாதம் வெளியிட்ட வழிகாட்டி நெறிகளோ குறைந்தது எட்டுத் தொகுதிகளிலிருந்து சத்துகளைப் பெற வேண்டும் என்கின்றன.

எண்ணிக்கை மாறினாலும் பகுக்கும் விதி மாறவில்லை. ஒரு பொருள் எந்தத் தாவரக் குடும்பத்தில் பிறந்தது என்று பாராமல், அது உடலுக்கு முதன்மையாக எதைத் தருகிறது என்று மட்டும் பார்ப்பதே அந்த விதி. வேர்க்கடலை அவரைக் குடும்பத்துப் பயறுதான் என்றாலும், அதன் எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கு எண்ணெயாக இருப்பதால் எண்ணெய் வித்துகளோடு வைக்கப்படுகிறது. தேங்காயும் அவ்வாறே. உருளைக்கிழங்கும் மரவள்ளியும் காய்கறிக் கடையில் விற்கப்பட்டாலும் அவை தருவது மாவுச்சத்தையே ஆதலால், கணக்கில் அவை தானியத்துக்கு அருகில்தான் நிற்க வேண்டும். தயிர்சோற்றுக்கு உருளைக்கிழங்கு வறுவலைத் தொட்டுக்கொண்டவர் அன்று காய்கறி உண்டதாக எண்ணிக்கொள்வது இக்கணக்கில் செல்லாது.

மேற்கூறிய 2024ஆம் ஆண்டு நெறிகள் நாளொன்றுக்கு 2000 கிலோகலோரி தேவைப்படும் ஒருவருக்குச் சொல்லும் அளவுகள், சமைக்காத நிலையில், ஏறத்தாழ இவை: தானியமும் சிறுதானியமும் 250 கிராம், பருப்பு அல்லது முட்டை, மீன், இறைச்சி 85 கிராம், காய்கறி 400 கிராம், பழம் 100 கிராம், கொட்டைகளும் எண்ணெய் வித்துகளும் 35 கிராம், எண்ணெய் 27 கிராம், பால் அல்லது தயிர் 300 மி.லி. இந்தப் பட்டியலில் தமிழ்நாட்டுச் சமையலறைக்கு அந்நியமான பொருள் ஒன்றுகூட இல்லை. ஆனால் தானியத்தைவிடக் காய்கறி எடையில் மிகுதியாக இருப்பது பெரும்பாலான வீடுகளின் வழக்கத்துக்கு நேர்மாறானது. அது ஏன் அவ்வாறு வகுக்கப்பட்டது என்பதற்கான காரணங்களில் ஒரு பகுதி தமிழ்நாட்டிலேயே, நீலகிரி மலைமீது, கண்டறியப்பட்டது.

குன்னூரில் உள்ள பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில் 1918ஆம் ஆண்டு ராபர்ட் மக்காரிசன் என்னும் மருத்துவர் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கினார். நரம்புகளும் இதயமும் தளர்ந்து, கால்கள் மரத்து, வீங்கி, இறுதியில் உயிரையே பறிக்கும் அந்நோய், தீட்டிய அரிசியையே பெரிதும் நம்பி வாழ்ந்த மக்களைத் தாக்கிவந்தது. டச்சு மருத்துவர் கிறிஸ்தியான் ஐக்மன், ஜாவா தீவில், தீட்டிய அரிசியை உண்ட கோழிகள் அதையொத்த நோயால் நொண்டுவதையும், தவிட்டைச் சேர்த்துக் கொடுத்தால் குணமாவதையும் 1890களிலேயே கண்டிருந்தார். தவிட்டில் இருந்த அப்பொருளே பின்னர் தயமின் என்றும் வைட்டமின் பி1 என்றும் அழைக்கப்பட்டது. மக்காரிசன் இதிலிருந்து மேலும் ஒரு படி சென்றார். தனிச் சத்து ஒன்றை நீக்கிப் பார்ப்பதோடு நில்லாமல், இந்தியாவின் பல பகுதி மக்கள் அன்றாடம் உண்ணும் முழு உணவையே எலிகளுக்குக் கொடுத்து வளர்ச்சியை ஒப்பிட்டார். முழுக்கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி, எப்போதாவது இறைச்சி என அமைந்த சீக்கியர் உணவை உண்ட எலிகள் மற்றெல்லா எலிகளையும்விட நன்கு வளர்ந்தன. சென்னை மாகாணத்து அரிசி உணவை உண்டவை கடைசி இடத்தில் நின்றன.

இந்த ஆய்விலிருந்து கோதுமை உயர்ந்தது, அரிசி தாழ்ந்தது என்ற முடிவுக்கு வந்தவர்கள் பலர். வடக்கத்தியர் வீரத்துக்கும் தெற்கத்தியர் மென்மைக்கும் அதில் காரணம் தேடியவர்களும் உண்டு. ஆய்வு அதைக் காட்டவில்லை. அவ்விரு உணவுகளுக்கும் இடையே இருந்த வேறுபாடு ஒரு தானியத்தோடு முடியவில்லை. பால், பருப்பு, காய்கறி, கொழுப்பு ஆகிய தொகுதிகள் ஒன்றில் தாராளமாகவும் மற்றொன்றில் பெயரளவுக்கும் இருந்தன. தட்டின் பெரும்பகுதியை ஒரே தொகுதி நிறைத்துவிட்டால் என்ன நேரும் என்பதையே அந்த எலிகள் காட்டின.

1935இல் குன்னூர் ஆய்வுக்கூடத்தின் பொறுப்புக்கு வந்த வாலஸ் அய்க்ராய்ட் இந்திய உணவுப் பொருள்களை ஒவ்வொன்றாகப் பகுத்தாய்ந்து, அவற்றின் சத்துகளை அட்டவணைப்படுத்தி 1937இல் வெளியிட்டார். இன்றைய உணவு அட்டவணைகளுக்கெல்லாம் அதுவே முன்னோடி. அக்கூடம் 1958இல் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, 1969இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்ற பெயரைப் பெற்றது. அய்க்ராய்டின் காலத்தில் தெளிவான செய்திகளுள் ஒன்று இன்றும் நினைவில் கொள்ளத்தக்கது: அன்றைய சென்னை மாகாணத்தில் பெரிபெரி பரவியிருந்தது ஆலையில் தீட்டிய பச்சரிசியை உண்ட வட கடலோர மாவட்டங்களில்தான்; புழுங்கலரிசி உண்ட தென் மாவட்டங்களை அது பெரிதும் தொடவில்லை. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் உள்ள தயமினில் ஒரு பகுதி அரிசியின் உட்பகுதிக்குள் ஊடுருவிவிடுகிறது. பின்னர் எவ்வளவு தீட்டினாலும் அது முழுமையாக வெளியேறுவதில்லை. பலமுறை கழுவுவதும், வடித்த கஞ்சியைக் கொட்டுவதும் நீரில் கரையும் அச்சத்தை மறுபடியும் குறைக்கும் என்பது வேறு செய்தி.

தயமினைப் பொறுத்தவரை உடலின் இருப்பு இரண்டு மூன்று வாரங்களுக்கு மேல் தாங்காது. ஒரு வேளை, ஒரு நாள் குறைந்தால் கேடில்லை. ஒரு மாதம் குறைந்தால் கேடு தொடங்கிவிடும். பருப்பு, முழுத்தானியம், வேர்க்கடலை, எள் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று வாரத்தின் பெரும்பாலான நாள்களில் இருந்துவிட்டால் இக்கெடுவைக் கடப்பது எளிது. வைட்டமின் சி முற்றிலும் கிடைக்காமல் போனால் ஒன்று முதல் மூன்று மாதங்களுக்குள் ஸ்கர்வி நோயின் அறிகுறிகள் தோன்றும். ஆனால் இந்த வைட்டமினுக்கு வேறொரு வேலையும் உண்டு. அந்த வேலை உணவு வேளையோடு கட்டுண்டது என்பதைப் பின்னர் காணலாம்.

நாள் கணக்கில் கண்டிப்பு வேண்டுவது புரதம். புரதம் என்பது இருபது வகை அமினோ அமிலங்கள் குறிப்பிட்ட வரிசையில் கோத்து அமைந்த நீண்ட சங்கிலி. அவற்றுள் ஒன்பதை உடலால் உண்டாக்க இயலாது, உணவிலிருந்தே பெற வேண்டும். மல்லிகை, கனகாம்பரம், மரிக்கொழுந்து என்று வரிசை மாறாமல் கதம்பம் தொடுப்பவரிடம் கனகாம்பரம் தீர்ந்துபோனால், கூடையில் எவ்வளவு மல்லிகை மீந்திருந்தாலும் சரம் அந்த இடத்தில் நின்றுவிடும். உடல் புரதம் கோப்பதும் இவ்வாறே. மிஞ்சும் அமினோ அமிலங்களைக் கொழுப்பைப் போலச் சேமித்துவைக்க உடலில் தனிக் கிடங்கு இல்லை. அவை சிதைக்கப்பட்டு ஆற்றலாகச் செலவாகின்றன, அவற்றின் நைட்ரஜன் யூரியாவாக மாறிச் சிறுநீரில் வெளியேறுகிறது.

அரிசிப் புரதத்தில் முதலில் தீர்ந்துபோவது லைசின் என்னும் அமினோ அமிலம். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு, உலக சுகாதார நிறுவனத்தின் 2007ஆம் ஆண்டுக் கணக்கின்படி, நாளொன்றுக்கு ஏறத்தாழ 1.8 கிராம் லைசின் வேண்டும். 100 கிராம் அரிசியில் சுமார் 8 கிராம் புரதமும், அப்புரதத்தின் ஒவ்வொரு கிராமிலும் சுமார் 36 மி.கி. லைசினும் இருப்பதால், நாள் முழுதும் 400 கிராம் அரிசியைச் சமைத்து உண்டாலும் கிடைப்பது 1.1 கிராமைச் சற்றே தாண்டும். தேவையில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. அரிசியை 250 கிராமாகக் குறைத்து, 85 கிராம் துவரம் பருப்பைச் சேர்த்தால் கணக்கு மாறிவிடுகிறது: அரிசியிலிருந்து 0.7 கிராம், பருப்பின் 19 கிராம் புரதத்திலிருந்து சுமார் 1.2 கிராம், ஆக 1.9 கிராம். செரிமானத்தில் நேரும் இழப்பை 300 மி.லி. பால் அல்லது தயிரில் உள்ள லைசின் ஈடுசெய்துவிடும். பருப்பில் குறையும் மெத்தியோனின் என்னும் அமினோ அமிலம் அரிசியில் போதிய அளவு உண்டு என்பதால் இரண்டும் ஒன்றையொன்று நிறைவுசெய்கின்றன. 150 கிராம் அரிசியை விட்டு அதைவிடக் குறைந்த எடையில் பருப்பை ஏற்றதன் பயன் இது. தானியம் மூன்று பங்கு, பருப்பு ஒரு பங்கு என்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்லும் விகிதமும் இதையொட்டியதே.

இந்த நிறைவு ஒரே வேளையில் நிகழ்ந்தாக வேண்டும் என்ற கருத்து ஒரு காலத்தில் வலுவாக இருந்தது. 1971இல் பிரான்சிஸ் மூர் லாப்பே எழுதிப் பரவலாகப் படிக்கப்பட்ட சைவ உணவு நூல் அவ்வாறே வலியுறுத்தியது. பத்தாண்டுகள் கழித்து வந்த திருத்திய பதிப்பில் அவரே அக்கண்டிப்பைத் தளர்த்தினார். தசையில் தனித்து உலவும் லைசினும், குடலில் சுரந்து மறுபடி உட்கொள்ளப்படும் புரதங்களும் சில மணிநேர இடைவெளியைத் தாங்கிக்கொள்ளும் என்பது இன்று ஏற்கப்பட்டிருக்கிறது. ஆகவே காலையில் வெறும் கஞ்சியும் மாலையில் சுண்டலும் உண்டவரின் புரதக் கணக்கு அன்றிரவுக்குள் நேராகிவிடும். ஆனால் ஆறு நாள் ரசச்சோறும் ஏழாம் நாள் இறைச்சி விருந்துமாக இருப்பவரின் கணக்கு நேராகாது. விருந்தின் மிச்சத்தை அடுத்த வாரத்துக்குக் கொண்டுசெல்ல உடலில் வழியில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பை வாரம் முழுமைக்குமான சத்தாக எண்ணுவது பல வீடுகளில் உள்ள நம்பிக்கை. அதில் இரும்பையும் வைட்டமின் பி12ஐயும் பொறுத்தவரை ஓரளவு உண்மை உண்டு, புரதத்தைப் பொறுத்தவரை இல்லை.

இனி, ஒரே தட்டில் சேர்ந்தே ஆக வேண்டியவை. இவற்றுள் முதன்மையானது இரும்பு. இறைச்சி, மீன் ஆகியவற்றில் இரும்பின் ஒரு பகுதி ஹீம் என்னும் மூலக்கூறின் நடுவில் பாதுகாப்பாக அமர்ந்திருப்பதால், உடன் உண்ணும் பொருள் எதுவாயினும் பெரும்பாலும் குடலால் ஏற்கப்படுகிறது. கீரையிலும் பயறிலும் சிறுதானியத்திலும் உள்ள இரும்புக்கு அந்தக் காப்பு இல்லை. தானியங்களின் மேலுறையிலும் பருப்புகளிலும் உள்ள ஃபைட்டிக் அமிலமும், தேநீர், காபி ஆகியவற்றின் துவர்ப்புப் பொருள்களும் அதைப் பற்றிப் பிடித்துக் கரையாத கலவையாக்கிவிடுகின்றன. வைட்டமின் சி இந்தப் பிடியைத் தளர்த்தி, இரும்பைக் குடல் ஏற்கத்தக்க வேதிவடிவுக்கு மாற்றுகிறது. ஒரு வேளை உணவோடு அது போதிய அளவு சேர்ந்தால் இரும்பு உட்கொள்ளப்படும் அளவு இரு மடங்கும் அதற்கு மேலும் கூடுவது சோதனைகளில் அளந்தறியப்பட்டுள்ளது. இச்செயல் நடைபெறுவது இரைப்பையிலும் சிறுகுடலின் தொடக்கப் பகுதியிலும் என்பதால், மதிய உணவின் கீரைக்கு மாலையில் உண்ணும் கொய்யாப்பழம் உதவாது. சோற்றோடு எலுமிச்சை, நெல்லிக்காய், தக்காளியும் பச்சை வெங்காயமும் கலந்த பச்சடி ஆகியவற்றில் ஒன்று இருப்பது, அல்லது உண்டு முடித்ததும் ஒரு கொய்யாத்துண்டு உண்பது இந்தத் தேவையை நிறைவேற்றும். எலுமிச்சைச் சாற்றை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகே பிழியும் வழக்கம் சுவையை முன்னிட்டு வந்ததாக இருக்கலாம். வெப்பத்தில் அழியும் வைட்டமினையும் அது காக்கிறது. உணவுக்கு முன்னும் பின்னும் ஒரு மணிநேரம் தேநீரும் காபியும் வேண்டாம் என்று 2024ஆம் ஆண்டு நெறிகள் கூறுவதும் இக்காரணத்தாலேயே. முளைகட்டுவதும், மாவைப் புளிக்கவைப்பதும் ஃபைட்டிக் அமிலத்தைக் குறைப்பதால், புளித்த இட்லி மாவிலும் முளைவிட்ட பச்சைப்பயறிலும் இரும்பின் பயன் சற்றே கூடுகிறது.

கரோட்டின் என்னும் மஞ்சள், ஆரஞ்சு நிறமி மற்றோர் எடுத்துக்காட்டு. முருங்கைக்கீரை, பரங்கிக்காய், கேரட், மாம்பழம், பப்பாளி ஆகியவற்றில் உள்ள இந்நிறமியிலிருந்து உடல் வைட்டமின் ஏ-யை உண்டாக்கிக்கொள்கிறது. ஆனால் கரோட்டின் கொழுப்பில் மட்டுமே கரையும் என்பதால், அதே வேளையில் சில கிராம் எண்ணெயாவது இல்லாவிட்டால் பெரும்பகுதி வீணாகக் கழிந்துவிடும். எண்ணெயே இல்லாமல் அவித்த கீரையை உடல்நலத்தின் உச்சமாகக் கருதும் இக்காலப் போக்கு இந்த இடத்தில் தன்னையே தோற்கடித்துக்கொள்கிறது. ஒரு கரண்டி எண்ணெயில் தாளித்து, பருப்பும் தேங்காய்த் துருவலும் சேர்த்த கீரைக்கூட்டு நான்கு உணவுத் தொகுதிகளை ஒரே கிண்ணத்தில் கூட்டுகிறது.

கீரையைப் பற்றி மற்றொரு திருத்தமும் தேவைப்படுகிறது. பாலக் கீரையில் கால்சியம் மிகுதி என்று அட்டவணை சொன்னாலும், அதில் உள்ள ஆக்ஸாலிக் அமிலம் அதைப் பிடித்துவைத்துக்கொள்வதால் உடலுக்குக் கிடைப்பது இருபதில் ஒரு பங்குதான்; பாலின் கால்சியத்திலோ ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கிடைக்கிறது. அட்டவணையில் உள்ள எண் வேறு, குருதியில் சேரும் அளவு வேறு.

ஒரே வேளையில் கருதப்பட வேண்டிய மூன்றாவது செய்தி குருதிச் சர்க்கரை. வெள்ளைச் சோற்றின் மாவுச்சத்து விரைவில் குளுக்கோஸாக உடைகிறது. கல்லீரல் சேமித்துவைக்கக்கூடிய கிளைகோஜன் சுமார் 100 கிராம் மட்டுமே, தசை ஏற்றுக்கொள்வதும் உழைப்பைப் பொறுத்தது. எஞ்சியது கொழுப்பாக மாறும் வழியை நாடுகிறது. நார்ச்சத்தும் புரதமும் கொழுப்பும் உடன் இருந்தால் இரைப்பை மெதுவாகக் காலியாகி, சர்க்கரை உயரும் வேகம் தணிகிறது. காய்கறியையும் பருப்பையும் முதலில் உண்டு சோற்றைப் பின்னுக்குத் தள்ளினாலே, அளவு மாறாமலிருக்கையிலும், உணவுக்குப் பிந்தைய சர்க்கரை குறைவாக இருப்பது நீரிழிவு நோயாளர்களிடம் நடந்த ஆய்வுகளில் காணப்பட்டது. தமிழர் மதிய உணவின் அமைப்போ இதற்கு எதிர்த்திசையில் செல்கிறது. சாம்பாருக்கு ஒரு சுற்றுச் சோறு, ரசத்துக்கு ஒரு சுற்று, மோருக்கு ஒரு சுற்று என மூன்று முறை சோறு பரிமாறப்படுகையில், கூட்டும் பொரியலும் ஒரு முறை வைத்ததோடு இலையின் மேற்பகுதியில் நின்றுவிடுகின்றன. ரசமும் மோரும் தம்மளவில் குற்றமற்றவை; அவற்றைச் சோறின்றிக் குடித்துவிட முடியும் என்பதும் பலர் கருதாத எளிய தீர்வு.

இதற்கு மாறாகக் காலைச் சிற்றுண்டிகள் பல, தானியத்துக்கும் பருப்புக்கும் இடையிலான விகிதத்தை முன்பே கண்டுகொண்டவை. இட்லிக்கு நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து. பொங்கலுக்கு இரண்டு அல்லது மூன்று பங்குக்கு ஒரு பங்கு பாசிப்பருப்பு. அடையிலோ பல பருப்புகள் சேர்ந்து அரிசிக்குச் சமமாகவே வந்துவிடும். நால்வருக்கான சாம்பாரில் 100 கிராம் பருப்பு வேகும் வீட்டில் தலைக்குக் கிடைப்பது 25 கிராம். எனவே மதியத்தில் குறைவதைக் காலை அடையும் மாலைச் சுண்டலும் நிரப்பினால்தான் 85 கிராம் என்ற எண்ணை எட்ட முடியும். மீனோ முட்டையோ உண்பவர்க்கு இது இன்னும் எளிது.

குறைக்குக் காரணம் அறியாமை மட்டும் என்று சொல்லிவிடுவது நியாயமாகாது. தமிழ்நாட்டில் அரிசி பெறும் குடும்ப அட்டைதாரருக்கு 2011 ஜூன் முதல் நியாயவிலைக் கடையில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. 2007இல் தொடங்கிய சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் மானிய விலைத் துவரம் பருப்பு அட்டைக்கு மாதம் ஒரு கிலோ. நால்வர் உள்ள குடும்பம் மாதம் 20 கிலோ அரிசி பெற்றால் தலைக்கு நாளொன்றுக்கு 167 கிராம்; பருப்போ 8 கிராம். மூன்றுக்கு ஒன்று என்ற விகிதம் கடையிலிருந்து புறப்படும்போதே இருபதுக்கு ஒன்றாகிவிடுகிறது, மீதியை வெளிச்சந்தை விலையில் வாங்க வேண்டியிருக்கிறது. பசியை வென்ற திட்டம் என்ற வகையில் அதன் பெருமை குறைவதற்கில்லை. ஆயினும் 2019–21இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53 விழுக்காட்டினருக்கு இரத்தசோகையும், 40 விழுக்காட்டினருக்கு மிகை எடையும் பதிவானதைப் பார்க்கையில், ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றும் இவ்விரண்டும் ஒரே தட்டிலிருந்தே பிறக்கக்கூடும் என்பது விளங்கும். ஆற்றல் தேவைக்கு மேலும், இரும்பும் புரதமும் ஃபோலேட்டும் தேவைக்குக் கீழும் இருக்கும் தட்டு அது.

1982இல் விரிவுபடுத்தப்பட்ட சத்துணவுத் திட்டத்தில் முட்டை படிப்படியாகச் சேர்ந்து, 2010 முதல் வாரத்துக்கு ஐந்து என்றானது, இந்தக் கோணத்தில் பார்த்தால் பெரிய திருத்தம். ஒரு முட்டை சுமார் 6 கிராம் உயர்தரப் புரதத்தோடு, வைட்டமின் ஏ-யையும் பி12ஐயும் சேர்த்துத் தருகிறது. அன்றைய சோற்றின் லைசின் குறையை அன்றைக்கே தீர்க்கிறது. முட்டை உண்ணாத குழந்தைக்கு அதற்கு மாற்றாக வாழைப்பழம் கொடுப்பது தொகுதிக் கணக்கில் பொருந்தாத மாற்று. பழத்தால் முட்டையின் இடத்தை நிரப்ப இயலாது, அவ்விடத்துக்கு உரியவை பயறும் பாலும்.

நீண்ட கெடு உள்ள சத்துகளைப் பற்றிச் சுருங்கச் சொன்னால் போதும். வைட்டமின் ஏ கல்லீரலில் மாதக்கணக்கில் இருப்புக் கொள்ளும். 1970இல் இந்தியாவில் தொடங்கிய பார்வையிழப்புத் தடுப்புத் திட்டத்தில் குழந்தைகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை பெருமளவு மருந்தைக் கொடுக்க முடிந்தது இந்த இயல்பால்தான். வைட்டமின் பி12 ஆண்டுக்கணக்கில் நிற்கும். எனவே இறைச்சியையும் முட்டையையும் பாலையும் ஒருசேர விட்டவருக்குக் குறை தெரியவே சில ஆண்டுகள் ஆகும், தெரியும்போது நரம்புகள் சேதமடைந்திருக்கவும் கூடும். தாவர உணவு எதுவும் இதை நம்பத்தக்க அளவில் தருவதில்லை என்பதால் சைவ உணவினருக்குத் தயிரும் மோரும் வெறும் சுவைப்பொருள்கள் ஆகமாட்டா. கால்சியத்தின் கெடு எல்லாவற்றிலும் நீண்டது: அதன் 99 விழுக்காடு எலும்பில் உறைகிறது, முப்பது வயதையொட்டி எலும்பின் அடர்த்தி உச்சம் தொட்டபின் சேமிப்பு குறையத் தொடங்குகிறது. 100 கிராமுக்கு ஏறத்தாழ 350 மி.கி. கால்சியம் தரும் கேழ்வரகு, தானியத் தொகுதியில் இருந்துகொண்டே பால் தொகுதியின் வேலையிலும் பங்கெடுக்கும் பொருள். வளரும் பருவத்தில் அரிசியின் ஒரு பகுதிக்கு மாற்றாக அதைக் கொள்வதில் பயன் அதிகம்.

இத்தனை கெடுக்களும் ஒருங்கே சுருங்கிவிடும் ஒரு பருவம் உண்டு. அது ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரையிலான குழந்தைப் பருவம். பிறக்கும்போது கொண்டுவந்த இரும்பின் இருப்பு ஆறு மாத அளவில் தீர்ந்துவிடுகிறது, தாய்ப்பாலில் இரும்பு குறைவு. வளர்ச்சியின் வேகமோ பின்னெப்போதும் இல்லாத அளவுக்கு மிகுதி. தாய்ப்பாலையும் ஒன்றாகக் கணக்கிட்டு எட்டுத் தொகுதிகள் வகுத்து, முந்தைய ஒரே நாளில் அவற்றுள் குறைந்தது ஐந்தைக் குழந்தை உண்டிருக்கிறதா என்று உலக சுகாதார நிறுவனம் அளப்பது இதனால்தான். பெரியவருக்கு வாரத்தில் ஈடாகும் குறை குழந்தைக்கு நாளிலேயே ஈடாக வேண்டும். இதில் தடையாக நிற்பது இரைப்பையின் சிறுமை. குழந்தையின் எடையில் கிலோவுக்குச் சுமார் 30 மி.லி. மட்டுமே ஒரு வேளையில் கொள்ளும் என்பதால், எட்டுக் கிலோ குழந்தையின் ஒரு வேளை உணவு ஒரு தம்ளருக்குச் சற்றே மிகும். அதை நீர்த்த கஞ்சியால் நிறைத்தால் வயிறு நிறையும், தேவை நிறையாது. குழைத்த பருப்புச் சோற்றில் ஒரு தேக்கரண்டி நெய்யோ எண்ணெயோ விட்டால் அளவு கூடாமல் 45 கிலோகலோரி கூடுகிறது. கேழ்வரகை முளைகட்டி, உலர்த்தி, அரைத்து வைத்துக்கொள்ளும் முறையில் இன்னொரு நன்மையும் உண்டு: முளைக்கும் தானியத்தில் சுரக்கும் அமிலேஸ் என்னும் நொதி மாவுச்சத்தின் நீண்ட சங்கிலிகளை வெட்டிவிடுவதால், கெட்டியாகக் காய்ச்சிய கஞ்சியில், சற்றே ஆறியபின், இம்மாவை ஒரு கரண்டி கலந்தால் சில நிமிடங்களில் அது இளகி ஓடத் தொடங்கும், நீரைக் கூட்டாமலே, குழந்தை விழுங்கக்கூடிய பதத்தில், அதே கிண்ணத்தில் ஏறத்தாழ இரு மடங்கு மாவைக் கொடுக்க முடியும்.